இந்தக் கோடைக்குப் பெங்களூரிலேயே இருக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கு லீவு விட்டதும் பெங்களூர்த் தமிழ் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "ஊருக்கு எப்போது?" அடுத்தது, "ஊட்டியா, கொடைக்கானலா?" இரண்டும் வேண்டாம், இங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தவர்களுக்கும், டிக்கெட் கிடைக்காமல் இங்கேயே இருக்கும்படி ஆனவர்களுக்கும் இந்தப் பக்கம். அலசூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரத்தில் தலைமுறையாக இருப்பவர்களும், ஐ.டி. வேலைக்கு வந்து ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் குடியேறியவர்களும் என்னிடம் கேட்கிறவற்றைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அக்னி நட்சத்திரம் முழுக்கப் பெங்களூரில் இருக்க முடியுமா?

தாராளமாக. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரக் கணக்கு சென்னைக்கும் வேலூருக்கும் பொருந்தும். பெங்களூருக்குப் பொருந்தாது. இங்கே வெயில் ஏறுவது மார்ச் கடைசியில், உச்சத்துக்குப் போவது ஏப்ரலில். அந்த மாதம் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரி. 2016 ஏப்ரலில் ஒரு நாள் 39.2 டிகிரி வரை போனது. அப்புறம் மாஞ்சாரல் இறங்கத் தொடங்கும். மே மாதத்தில் சராசரியாக 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. மதியம் வரை காய்ந்துவிட்டு, நான்கு ஐந்து மணிக்கு மேகம் கூடி, இடி இடித்து ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிடும். அன்று இரவு மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போர்வையைத் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே இந்த ஊருக்கு இரண்டு கோடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வெயில், மேயில் மழை. பள்ளி விடுமுறை ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தொடங்கி மே கடைசி வரை போவதால் இரண்டும் நம் கைக்கு வருகின்றன. மே மாதம் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இந்த ஊரின் நல்ல நாட்களைத்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இருந்தாலும், மலைக்குப் போகிற சுகம் இங்கே வருமா?

ஊட்டியின் குளிர் வராது, அது உண்மை. ஆனால் பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நாம் ஆசையாகப் போகும் ஏலகிரி 1100 மீட்டர் சுமார்தான். தமிழ்நாட்டுச் சமவெளியில் இருப்பவர்களுக்கு நாம் குடியிருக்கிற இடமே ஒரு மலைவாசஸ்தலம்.

மே மாதத்து மலைப்பயணம் எப்படி இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். நெரிசலைக் கட்டுப்படுத்த சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் வந்தது: ஊட்டிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000. அவ்வளவு கூட்டம் போகிற இடத்துக்கு, அத்திப்பள்ளியிலோ மைசூர் ரோட்டிலோ நெரிசலில் தொடங்கி, இரட்டை வாடகை கொடுத்துப் போக வேண்டும். மலை எங்கேயும் போய்விடாது. ஆகஸ்டிலோ ஜனவரியிலோ போய் நிதானமாகப் பார்க்கலாம்.

வீட்டிலேயே இருந்தால் லீவு மாதிரியே இருக்காதே? எனக்குச் சமையல் வேலைதான் இரட்டிப்பாகும்.

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கேட்பவர்கள் எப்போதும் பெண்களாகவே இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வெளியூர் போனால் அம்மாவுக்கு அடுப்பிலிருந்து நான்கு நாளாவது விடுதலை கிடைக்கும். ஊரிலேயே இருந்தால் குழந்தைகள் மூன்று வேளையும் வீட்டில், நடுவில் இரண்டு முறை நொறுக்குத்தீனி. இதைச் சரி செய்யாமல் "இந்த வருஷம் இங்கேயே" என்று வீட்டுத் தலைவர் அறிவித்தால் அது அவருக்கு மட்டும்தான் விடுமுறை.

அதனால் முதலில் சமையலறைக்கு லீவு எழுதுங்கள். ஊருக்குப் போயிருந்தால் செலவாகியிருக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து வெளிச் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். காலை டிபனுக்குத் தெருவுக்கு ஒரு தர்ஷினி இருக்கும் ஊர் இது. நின்றபடியே இட்லி, வடை, காபி முடித்துவிட்டு வரலாம். மதியம் தயிர்சாதமும் மாவடுவும் போதும், அதைப் பிசைய அப்பாவுக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இரவு ஒரு நாள் வி.வி.புரம் ஃபுட் ஸ்ட்ரீட், ஒரு நாள் மல்லேஸ்வரத்தில் வெண்ணெய் தோசை, ஒரு நாள் வீட்டில் உப்புமா.

இன்னொன்று: அலுவலக லீவை முறையாகப் போடுங்கள். "வீட்டில்தானே இருக்கிறேன், ஒரே ஒரு மீட்டிங்" என்று லேப்டாப்பைத் திறந்தால் அன்றைய நாள் போயிற்று. ஒழுகும் குழாய், பேங்க் வேலை, ஆதார் திருத்தம் எல்லாவற்றையும் அந்த வாரத்துக்கு வெளியே தள்ளிவையுங்கள்.

ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

காலை ஐந்தரையிலிருந்து ஒன்பதரை வரை வெளியே. பதினொன்றிலிருந்து நான்கு வரை கூரைக்குக் கீழே. நான்கரைக்கு மேல் மறுபடி வெளியே. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏப்ரல்கூட உங்களை ஒன்றும் செய்யாது. உயரமான ஊர் என்பதால் காற்று குளுமையாக இருக்கும்போதே வெயில் சுள்ளென்று தோலைச் சுடும், உடனே தெரியாது. குழந்தைகளுக்குத் தொப்பியும், எல்லோருக்கும் தண்ணீர் பாட்டிலும் வேண்டும். வயதானவர்களை நண்பகலில் வெளியே கூட்டிப் போகவே வேண்டாம்.

லால்பாக் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. அதில் புதிதாக என்ன இருக்கிறது?

ஜனவரியிலும் ஆகஸ்டிலும் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் இடிபட்டுப் பார்த்ததைச் சொல்கிறீர்கள் என்றால், நீங்கள் இன்னும் லால்பாக்கைப் பார்க்கவில்லை. ஏப்ரல் மாதத்து வார நாளில், காலை ஆறு மணிக்குப் போங்கள். 240 ஏக்கர் தோட்டம். 1760-ல் ஹைதர் அலி தொடங்கி, திப்பு வளர்த்தது. முதலில் அந்தப் பாறைமேல் ஏறி உட்காருங்கள், கெம்பேகௌடர் கட்டிய கோபுரம் நிற்கிற பாறைதான். அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டு. தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அதை அறிவித்திருக்கிறார்கள். குழந்தைகளிடம் டைனோசர் காலத்தை விடப் பத்து மடங்குக்கும் மேல் பழைய கல் இது என்று சொல்லிப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். வெயில் ஏறும் முன் பாறை ஜில்லென்று இருக்கும், எட்டரைக்கு மேல் கால் வைக்க முடியாது.

அங்கிருந்து இறங்கி மரங்களுக்குள் நடந்தால் கண்ணாடி மாளிகை. 1889-ல் அடிக்கல் நாட்டியது, லண்டன் கிறிஸ்டல் பேலஸின் சாயலில் கட்டியது. கண்காட்சி இல்லாத நாட்களில் அது காலியாக நிற்கும், அப்போதுதான் அந்த இரும்பு வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியும்.

1908 முதல் 1932 வரை இந்தத் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டவர் க்ரும்பீகல் என்ற ஜெர்மானியர். ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்த வகை பூக்கத் தொடங்க வேண்டும் என்ற கணக்கோடு ஊரெங்கும் மரம் வைக்கச் செய்தவர். இன்றைக்கும் நாம் அந்தக் கணக்கில்தான் வாழ்கிறோம். மார்ச்சில் ஜக்கராண்டாவின் ஊதா, புங்கைத் தளிரின் இளம்பச்சை. ஏப்ரலில் சரக்கொன்றையும் பூமருதும். மே வந்தால் மயில்கொன்றைச் சிவப்பு. இதற்கு லால்பாக் வரைகூடப் போக வேண்டாம். ஜெயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ ஒரு கிராஸில் காலை நடை போனாலே போதும், தரையெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும்.

கப்பன் பார்க்?

1870-ல் அமைத்த பூங்கா. ஞாயிற்றுக்கிழமை உள்ளே வண்டிகள் ஓடாது, அதனால் குழந்தைகள் சைக்கிள் ஓட்ட நல்ல இடம். பால் பவனில் சின்ன ரயில் இருக்கிறது. நடுவில் இருக்கும் சிவப்புக் கட்டடம் மாநில மத்திய நூலகம், சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். மைசூர் திவானாக 1883 முதல் 1901 வரை இருந்த அவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துக்காரர். சேஷாத்ரிபுரமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு பாயும் புத்தகமும் எடுத்துக்கொண்டு போய் மூங்கில் நிழலில் படுத்துக்கிடங்கள், வேறு திட்டம் எதுவும் வேண்டாம்.

நிழல் இல்லாத நாள் என்கிறார்களே, அது என்ன?

இந்த ஊரின் கோடையில் காசே இல்லாமல் கிடைக்கும் பெரிய வேடிக்கை இது. பூமத்திய ரேகைக்கு இருபுறமும் இருக்கும் கடக, மகர ரேகைகளுக்கு இடைப்பட்ட ஊர்களில், வருடத்தில் இரண்டே நாள் சூரியன் நண்பகலில் மிகச் சரியாகத் தலைக்கு நேர் மேலே வரும். பெங்களூருக்கு அது ஏப்ரல் 24 அல்லது 25, இன்னொன்று ஆகஸ்ட் 18. டெல்லிக்காரர்களுக்கு இந்தக் காட்சி கிடையவே கிடையாது, அவர்கள் ஊர் கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. மற்ற நாட்களில் உச்சிவேளையில்கூட நிழல் வடக்கிலோ தெற்கிலோ கொஞ்சமாவது நீண்டிருக்கும். அன்று மட்டும் அது முழுதாகக் காலடிக்குள் போய்விடும்.

ஏப்ரலில் நேரம் 12.17, 12.18 வாக்கில். நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, பெங்களூர் அதற்கு மேற்கே இருப்பதால் நம் உச்சிவேளை 12 மணிக்குப் பிந்தி வருகிறது. பதினொன்றரைக்கே மொட்டை மாடிக்குப் போய், சமதளமாக இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் விரித்து, அதில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் விளிம்பைப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் பிள்ளை பென்சிலை வைத்துக்கொண்டு வரைய எதுவும் இல்லாமல் விழிக்கும். எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் டம்ளர், பாட்டில், துடைப்பக்கட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் நிறுத்திப் பார்த்தார்கள். மேகம் வந்துவிட்டால் மறுநாளும் முயன்று பார்க்கலாம், பெரிய வித்தியாசம் தெரியாது. சூரியனை மட்டும் நேராகப் பார்க்க விடாதீர்கள்.

இந்த மாதங்களில் ஊரில் என்ன விசேஷம்?

யுகாதியில் தொடங்கும். ஒன்பதாம் நாள் ராமநவமி. அன்று தெருமுனைக்குத் தெருமுனை பானகம், நீர்மோர், கோசம்பரி கொடுப்பார்கள். நம் வீட்டு வடைப்பருப்பும் அவர்கள் கோசம்பரியும் ஒன்றுதான். சாமராஜப்பேட்டை ஸ்ரீராம சேவா மண்டலி 1939-லிருந்து ராமநவமி இசை விழா நடத்துகிறது. ஒரு மாதத்துக்கும் குறையாமல் நடக்கும் கச்சேரிகள். மார்கழிக்குச் சென்னைக்கு ஓடுகிறவர்கள், நம் வீட்டு வாசலில் சித்திரையில் நடக்கும் இதை ஏன் தவற விடுகிறார்கள் என்பது எனக்குப் புரிவதே இல்லை.

அப்புறம் கரகம். யுகாதி கழிந்து வரும் பௌர்ணமி இரவில், திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கிளம்பும். திரௌபதியைச் சக்தியாக வழிபடும் விழா. செஞ்சி, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குத் திரௌபதி அம்மன் கோயில் என்றாலே ஊர் நினைவு வந்துவிடும், இங்கும் அதே தெய்வம். தோட்டத் தொழிலையே குலத்தொழிலாகக் கொண்ட திகளர் சமூகத்தார் இதை நடத்துகிறார்கள். மல்லிகைப் பூவால் மூடிய கரகத்தைத் தலையில் வைத்து, கையால் பிடிக்காமலே பழைய பேட்டைகளின் சந்துகள் வழியாகப் பூசாரி போவார். உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வருவார்கள். வழியில் மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் கரகம் போகும், அது பல காலமாக மாறாத வழக்கம். நள்ளிரவு தாண்டித்தான் கரகம் கோயிலை விட்டு வெளியே வரும் என்பதால் மதியம் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். கூட்டம் நெருக்கும், சின்னக் குழந்தைகளைச் சந்துக்குள் கூட்டிப் போகாமல் அகலமான தெருவில் நின்று பார்ப்பது நல்லது. அந்த இரவு சிட்டி மார்க்கெட் பக்கம் முழுக்க மல்லிகை வாசனைதான்.

அதே நாட்களை ஒட்டி அலசூர் சோமேஸ்வரர் கோயிலில் பூப்பல்லக்கு. சுற்றுவட்டாரக் கோயில்களின் பல்லக்குகள் பூ அலங்காரத்தோடு வரிசையாக வரும்.

மாம்பழம் எப்போது, எங்கே வாங்குவது?

அவசரப்படாதீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் தள்ளுவண்டியில் மஞ்சளாக மின்னுவதில் பாதி, நேரத்துக்கு முன் பறித்துக் கல் வைத்துப் பழுக்க வைத்தது. கால்சியம் கார்பைடுக்குத் தடை இருந்தும் அது நிற்கவில்லை. ராமநகரம் பக்கத்துப் பழம் முதலில் வரும், கோலார் மாவட்டத்து சீனிவாசபுரம் பழம் பின்னால் வரும். மே மாதம்தான் ருசியான மாதம்.

காம்பு ஓரத்தை முகர்ந்து பாருங்கள், பழுத்த பழம் அங்கேதான் மணக்கும். காம்பைச் சுற்றித் தோள் புடைத்து, காம்பு சற்று உள்ளே பதிந்திருந்தால் மரத்தில் முற்றியது. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து உள்ளே அழுத்தமாக இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். லால்பாக்கில் மே, ஜூன் வாக்கில் மாம்பழ மேளா நடக்கும், விவசாயிகளே கொண்டு வந்து விற்பார்கள். ஹாப்காம்ஸ் என்ற தோட்டக்கலைக் கூட்டுறவுக் கடைகளிலும் அந்தச் சமயத்தில் வாங்கலாம்.

இந்த ஊரில் பாதாமி என்று கேட்டால் அல்போன்சாதான் கொடுப்பார்கள். செந்தூரா சின்னது, இனிப்பு. மல்கோவா நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் பெங்களூரில் இருந்துகொண்டு ரஸ்பூரி சாப்பிடாமல் கோடையை விடக்கூடாது. நறுக்கிச் சாப்பிடுகிற பழமல்ல அது, சாறு. கையால் நன்றாகக் கசக்கி, கொட்டையை எடுத்துவிட்டு, கொஞ்சம் பால், கொஞ்சம் வெல்லம், ஏலக்காய் சேர்த்தால் சீகரணை. கன்னடக்காரர்கள் சப்பாத்திக்கோ பூரிக்கோ தொட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் இது வந்த பிறகு பூரிக்கு உருளைக்கிழங்கு கேட்பவர் இல்லை. கடைசியாக ஜூன் வாக்கில் மல்லிகா வரும், நீலத்தையும் தசேரியையும் ஒட்டி உருவாக்கிய ரகம். வாங்கின அன்றே வெட்டாமல், தோல் லேசாகச் சுருங்கும் வரை வைத்திருந்து சாப்பிட வேண்டும். எந்தப் பழமானாலும் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டுச் சாப்பிடுங்கள்.

அபார்ட்மென்ட் மாடியில் வடகம் போட முடியுமா?

முடியும், ஆனால் ஏப்ரலிலேயே போட்டுவிட வேண்டும். மே வந்தால் சாயங்கால மழை கெடுத்துவிடும், அரைக்காய்ச்சல் வடகம் பூசணம் பிடிக்கும். ஊரில் பாட்டி மே மாதம் போடுவார் என்று இங்கேயும் மே வரை காத்திருக்கக் கூடாது.

அரிசிமாவும் ஜவ்வரிசியும் சேர்த்துக் கூழை விடியும் முன் கிண்டி, பச்சைமிளகாய், உப்பு, பெருங்காயம் சேர்த்து, ஆறினதும் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். பழைய வேட்டியை மாடியில் விரித்து நான்கு முனையிலும் கல் வைத்து, கரண்டியால் வட்டவட்டமாக ஊற்றினால் மாலைக்குள் மேல்பக்கம் காய்ந்துவிடும். மறுநாள் காலை வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு உரித்தால் கிழியாமல் வரும். காவலுக்குக் குழந்தைகளை உட்கார வையுங்கள். பாதி காய்ந்த வடகத்தில் கால்வாசி அவர்கள் வயிற்றுக்குத்தான் போகும், அதைக் கணக்கில் சேர்த்தே கூழ் கிண்டுங்கள். மாடியைப் பூட்டி வைக்கும் குடியிருப்பாக இருந்தால் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இரண்டு வீடு சேர்ந்து கேட்டால் சாவி கிடைக்கும்.

மதிய வெயிலில் குழந்தைகளை எங்கே கூட்டிப் போவது? மால் அலுத்துவிட்டது.

கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். பொத்தானை அழுத்தினால் சுழலும், இழுத்தால் தூக்கும் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கலாம், அரை நாள் போவது தெரியாது. அதே சாலையில் 2023-ல் திறந்த மேப் கலை அருங்காட்சியகம், குளுகுளுவென்று இருக்கும். நேரு கோளரங்கம் ஹை கிரவுண்ட்ஸில், 1989-லிருந்து இருக்கிறது, காட்சிகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். பாட்டுப் பிரியர்களுக்கு ஜே.பி.நகர் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ். இவற்றில் பலவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாலையானால் ஜே.பி.நகரிலேயே ரங்கசங்கரா, 2004-லிருந்து திங்கள் தவிர மற்ற நாட்களில் நாடகம். சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடுவார்கள், தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள். கோடையில் குழந்தைகளுக்கு நாடகப் பயிலரங்குகளும் உண்டு.

கஸ்தூர்பா ரோட்டிலேயே 1865-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் ஆதகூர்க் கல் இருக்கிறது. கி.பி. 949-ல் தக்கோலத்தில் நடந்த போரைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு. ஆனைமேல் துஞ்சினார் என்று நாம் படித்த சோழ இளவரசர் ராஜாதித்தர் மாண்ட போர் அது. அதே கல்லில் காளி என்ற வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு மோதி இறந்ததும் செதுக்கியிருக்கிறது, அந்த நாய்க்காகவே வைத்த நடுகல். சோழர் கதையைத் தோற்ற பக்கத்திலிருந்து மட்டுமே படித்த நமக்கு, வென்ற பக்கத்தார் வைத்த கல்லைப் பார்ப்பது வேறு அனுபவம்.

ஊரிலிருந்து மாமனார், மாமியார் வருகிறார்கள். அவர்களுக்கு என்ன காட்டலாம்?

அவர்களை இங்கே வரவழைத்ததே நல்ல காரியம். திருச்சியிலும் மதுரையிலும் 40 டிகிரியில் வேகிறவர்களுக்கு நம் வீட்டுத் திண்ணையே சுகம். விதான சௌதாவை வெளியிலிருந்து காட்டிவிட்டு, தொம்லூர் சொக்கநாத பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். கோடம்பாக்கம் மாதிரி நெரிசலான ஒரு பகுதிக்கு நடுவே பழைய கோயில், அதில் தமிழ்க் கல்வெட்டுகள். தொம்லூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் ஒரு பெயர் இருந்ததை அந்தக் கல்வெட்டுகள் சொல்கின்றன. மடிவாளம் சோமேஸ்வரர் கோயில் வெளிச்சுவரிலும் சோழர் காலத்தை ஒட்டிய தமிழ் எழுத்துகள் உண்டு. மாமனாரை வாசிக்கச் சொல்லுங்கள், கல்லில் பழகிய எழுத்து ஒன்றிரண்டு சிக்கினாலே அவருக்கு அன்று முழுக்கப் பேச விஷயம் கிடைத்துவிடும்.

மாலையில் அலசூர் ஏரி. கரையில் திருவள்ளுவர் சிலை. 1991-லிருந்து திறக்க முடியாமல் மூடியே இருந்து, 2009 ஆகஸ்டில் இரு மாநில முதல்வர்களும் சேர்ந்து திறந்த சிலை. பக்கத்திலேயே 1950-ல் தொடங்கிய தமிழ்ச் சங்கம். அங்குள்ள நூலகத்தில் மாமியாருக்குப் பத்திரிகைகள் கிடைக்கும்.

போக்குவரத்துச் செலவு?

காரை வெளியே எடுக்காமல் இருப்பதுதான் உண்மையான விடுமுறை. ஊதா வழித்தடத்தில் அலசூர், எம்.ஜி.ரோடு, கப்பன் பார்க். பச்சை வழித்தடத்தில் லால்பாக். எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து மஞ்சள் வழித்தடமும் வந்துவிட்டது. ஆர்.வி.ரோட்டில் இறங்கிப் பச்சைக்கு மாறினால் போதும். ஞாயிறு காலை மெட்ரோ தாமதமாகத் தொடங்கும், அன்று விடியற்காலைக்குப் பஸ். கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை இருந்தால் பெண்களுக்குச் சாதாரண பஸ்களில் 2023 ஜூனிலிருந்து கட்டணம் இல்லை. நாம் தமிழர்களாயிற்றே என்று தயங்க வேண்டாம், முகவரி இங்கே இருந்தால் சரி.

தண்ணீர்த் தட்டுப்பாட்டு ஊரில் கோடையைக் கழிப்பது சரிதானா?

கவனமாக இருந்தால் சரி. இங்கே குழாயில் வருகிற காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, மேடேற்றி மேடேற்றிப் பம்பு செய்து கொண்டுவருவது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட வேண்டி வந்தது. அந்த வருடம் அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடுகிறோம். குழந்தைகளுக்கு மாடியில் பிளாஸ்டிக் தொட்டி நீச்சல்குளம் வைக்காதீர்கள். மே மழை வரும்போது அவர்களை மழையில் ஆட விடுங்கள், இடி இல்லாத மழையில்.

மழை வந்து மாட்டிக்கொண்டால்?

மரத்தடியில் நிற்காதீர்கள், முதல் மழைக்கே இங்கே பெரிய கிளைகள் முறிந்து விழும். தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதைக்குள் ஆட்டோக்காரர் போகலாம் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், உயிர் போயிருக்கிறது. ஏதாவது ஒரு தர்ஷினிக்குள் ஒதுங்குங்கள். ஒரு பை-டூ காபியும் சூடான மங்களூர் பஜ்ஜியும் முடிவதற்குள் பெரும்பாலும் மழை விட்டுவிடும்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு. என்ன செய்யட்டும்?

மே மாதத்தில், வார நாளாகப் பார்த்து எடுங்கள். காலை ஆறு மணிக்கு லால்பாக் பாறை. எட்டு மணிக்கு வெளியே வந்து பசவனகுடியில் டிபன். பத்து மணிக்குள் மெட்ரோ பிடித்து வீடு. குளித்து, தயிர்சாதம் சாப்பிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குங்கள். மூன்று மணிக்கு எழுந்து மாம்பழம் நறுக்குங்கள். நான்கு மணிக்கு வானத்தைப் பார்த்துவிட்டு, கறுத்திருந்தால் குடையோடு, இல்லையென்றால் குடையில்லாமல் அலசூர் ஏரிக்கோ உங்கள் பேட்டை ஏரிக்கோ போங்கள். மாம்பழ மேளா நடக்கிற நாளாக இருந்தால் காலையிலேயே லால்பாக்குக்கு ஒரு பெரிய துணிப்பை எடுத்துப் போக மறக்காதீர்கள்.